நிறம் தொட்டியிலா, மேற்பரப்பிலா?

தெளிந்த ரெசினில் அச்சடித்த பொருளுக்கு நிறம் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டரின் தொட்டியில் ஊற்றும் திரவ ரெசினிலேயே மையையோ நிறமியையோ கலந்துவிட்டு அச்சடிக்கலாம். அல்லது நிறமில்லாமல் அச்சடித்து, கழுவி, முழுதாக இறுகவைத்த பிறகு மேலே நிறம் ஏற்றலாம். முதல் வழிக்குத்தான் இன்று ஆதரவு அதிகம். நிறம் பொருளின் உள்ளேயே ஊறியிருக்கும், உரியாது, சுரண்டினாலும் போகாது. பெயிண்ட் வேலை மிச்சம். நூறு மில்லி ரெசினுக்குச் சில சொட்டு ஆல்கஹால் மை போதும் என்கிறார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. இந்த வாதத்தில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. 405 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் மேசை எல்சிடி பிரிண்டர், சாதாரண அக்ரிலேட் வகைத் தெளிந்த ரெசின் இரண்டையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன். பல லட்சம் ரூபாய் பெறும் பாலிஜெட் இயந்திரங்கள் நிறத்தைத் துளித்துளியாகப் பொருளின் உள்ளேயே வைத்துவிடுகின்றன. அவற்றுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

நிறமேற்றும் எந்த முறையும் மூன்று ஒளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ரெசினை இறுகவைக்கும் ஒளி முதலாவது. பொருளை ஊடுருவி நம் கண்ணுக்கு வரும் ஒளி இரண்டாவது. மாதக்கணக்கில் அதன்மேல் விழப்போகும் வெயில் மூன்றாவது. மூன்றையும் ஒருசேரத் திருப்திசெய்யும் முறை எளிதில் அமைவதில்லை.

முதல் ஒளியை எடுத்துக்கொள்வோம். பிரிண்டர் ஒவ்வொரு அடுக்கையும் சில நொடிகள் ஊதா ஒளி காட்டி இறுகவைக்கிறது. அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர். கலக்கும் நிறப்பொருள் இந்த 405 நானோமீட்டர் ஒளியை விழுங்குமானால் இறுக வேண்டிய ரெசினுக்கு ஒளி குறையும். மஞ்சள் சாயம் மஞ்சளாகத் தெரிவதே ஊதாவையும் நீலத்தையும் அது விழுங்குவதால்தான். ஆகவே மஞ்சள், ஆரஞ்சு, பெரும்பாலான சிவப்புகள் அச்சுக்குத் தொல்லை தருபவை. நீலம் இந்த ஒளியை ஓரளவு விட்டுவிடும். ஒரே அளவு மை கலந்தாலும் நீலத்துக்குச் சரிவந்த எக்ஸ்போஷர் நேரம் மஞ்சளுக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஆயிற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரெசின் எவ்வளவு ஆழம் இறுகும் என்பது விழும் ஒளியளவின் மடக்கையைப் பொறுத்தது. ஒளியால் ரெசினை இறுகவைத்து அச்சடிக்கும் ஸ்டீரியோலித்தோகிராஃபியின் அடிப்படைச் சமன்பாடு சொல்வது இது. ஒளி ஊடுருவும் ஆழத்தைச் சாயம் பாதியாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுகத் தொடங்குவதற்கான குறைந்தபட்ச அளவைப்போல் மூன்று மடங்கு ஒளி முன்பு போதுமாக இருந்த இடத்தில், அதே ஆழம் இறுக இப்போது ஒன்பது மடங்கு வேண்டும். அதாவது நேரம் மூன்று மடங்காகும். சாயம் ஏற ஏற நேரம் அதைவிட வேகமாக ஏறும்.

ஆனால் இதே கணக்கு கலப்பவர்களுக்குச் சாதகமாகவும் பேசுகிறது. நிறமே இல்லாத ரெசினில் ஒளி தேவைக்கு மேல் ஆழமாகப் போய், ஏற்கெனவே முடிந்த அடுக்குகளையும் தொடுகிறது. சின்னத் துளைகள் அடைபடுகின்றன. அந்தரத்தில் நிற்கும் பகுதிகளின் அடிப்புறம் தடித்துவிடுகிறது. சிறிதளவு சாயம் இந்தக் கசிவைத் தடுத்து நுணுக்கத்தைக் கூர்மையாக்கும். தொட்டியில் கலப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களிலேயே உறுதியானது இதுதான். ஆனால் அதன் ஆதரவாளர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

இரண்டாவது ஒளிக்கு வருவோம். உள்ளே கலந்த நிறத்தின் அழகு தடிமனைப் பொறுத்தது. 1 மில்லிமீட்டரில் 80 சதவீத ஒளியை விடும் சாயக் கலவை, 10 மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 11 சதவீதத்தைத்தான் விடும். தடித்த இடம் ஆழ்ந்தும் விளிம்பு வெளுத்தும் தெரிகிற இந்த ஏற்ற இறக்கம்தான் இரத்தினக்கல்லை இரத்தினக்கல்லாகக் காட்டுகிறது. மேலே பூசிய நிறம் இதைச் செய்யாது. அங்கே நிறத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது பூச்சின் தடிமன். பூச்சு பள்ளத்தில் தேங்கி முனைகளில் மெலியும். பிரஷ்ஷில் பூசினால் கோடு தெரியும். ஏர்பிரஷ்ஷில் மெல்லிய அடுக்குகளாக ஏற்றினால்தான் சீராக வரும்.

இந்தக் கணக்கில் ஒரு முரணும் ஒளிந்திருக்கிறது. தடித்த பொருளுக்குக் கொஞ்சம் சாயம் போதும். அந்தக் கொஞ்சம் அச்சின் நேரத்தை அவ்வளவாகப் பாதிக்காது. மெல்லிய பொருளிலோ, ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி போல 1 மில்லிமீட்டர் தகட்டில், ஆழ்ந்த நிறம் வேண்டுமென்றால் நிறைய சாயம் கலக்க வேண்டும். முதல் ஒளியின் தொல்லை முழுதாகத் தலைதூக்குவது அங்கேதான். பாட்டிலில் பார்த்து நிறத்தை மதிப்பிடுபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். பல சென்டிமீட்டர் ஆழத்தில் கருநீலமாகத் தெரியும் ரெசின், 2 மில்லிமீட்டர் தகடாக வரும்போது தண்ணீரில் நீலம் கரைத்த மாதிரி வெளிறி நிற்கும். ஆக, உட்கலப்பு எங்கே அழகோ அங்கே பாதுகாப்பானது. எங்கே அழகில்லையோ அங்கே ஆபத்தானதும்கூட.

பெயிண்ட் வேலை மிச்சம் என்ற வாதம் இந்த இரண்டாவது ஒளியில் விழுந்துவிடுகிறது. தெளிந்த பிரிண்ட்டைக் கழுவும்போது, ஈரமாக இருக்கிறவரை கண்ணாடிபோல் மின்னும். உலர்ந்ததும் பனிமூட்டம் படிந்த மாதிரி ஆகிவிடும். அடுக்குகளின் நுண்ணிய படிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ரெசினின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் இருப்பதால், காற்றைவிட அதற்கு நெருக்கமான ஏதோ ஒன்று அந்தப் படிகளை நிரப்பினால் சிதறல் அடங்கும். தண்ணீர் தற்காலிகமாகச் செய்வதை வார்னிஷ் நிரந்தரமாகச் செய்கிறது. நிறம் கலந்து அச்சடித்தாலும் இந்த மூட்டம் வரத்தான் செய்யும். 400-இல் தொடங்கி 2000 வரை உப்புத்தாள் தேய்த்தோ, வார்னிஷ் அடித்தோ ஆக வேண்டும். அப்படியிருக்க, அந்த வார்னிஷ்ஷிலேயே நிறத்தைச் சேர்த்துவிட்டால் இரு வேலையும் ஒன்றாக முடிகிறது. தமியாவின் எக்ஸ்-27 தெளிந்த சிவப்பு, எக்ஸ்-23 தெளிந்த நீலம் போன்ற அக்ரிலிக் பெயிண்டுகளை மாடல் கார்களின் பின்விளக்குகளுக்குப் பலகாலமாகப் பயன்படுத்துகிறவர்கள் செய்வது இதைத்தான்.

மூன்றாவது ஒளியான வெயிலில்தான் மைக்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. ஆல்கஹால் மைகளில் பெரும்பாலும் இருப்பது சாயம். அது ரெசினில் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து கிடக்கிறது. ஒளி தாக்கும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக நின்று அடிவாங்குகிறது. நிறமி என்பது கரையாத நுண்துகள். துகளின் வெளிப்புறம் சிதைந்தாலும் உட்புறம் நிறத்தைக் காத்துநிற்கும். நிறம் மங்குவதை அளக்கப் பயன்படும் நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 வரை படிகள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் தாக்குப்பிடிக்கும் காலம் ஏறத்தாழ இரட்டிக்கும். கைவினைக் கடையில் கிடைக்கும் பிரகாசமான இளஞ்சிவப்பு, ஊதா ஆல்கஹால் மைகளில் பல இதில் கீழ்ப்படிகளில் நிற்பவை. தாலோ நீலம், தாலோ பச்சை போன்ற நிறமிகள் உச்சியை ஒட்டி நிற்பவை. நம் ஊர் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்கும் விளக்குக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. போதாததற்கு, அச்சுக்குப் பிந்தைய புறஊதா இறுக்கத்திலேயே சில சாயங்கள் வெளுக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் நிறமியைத் தொட்டியில் கலந்துவிடலாமே என்றால், எந்த நிறமி என்ற கேள்வி வருகிறது. வெள்ளைக்குப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியைச் சிதறடித்துத் தெளிவைக் கொன்றுவிடும். 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கவும் செய்யும். மின்னும் மைக்கா பொடியின் துகள்கள் பொதுவாக 10 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். அடுக்கின் தடிமனே 50 மைக்ரான்தான். நீண்ட நேரம் ஓடும் அச்சில் அவை கீழே படிந்து, ஒளி வரும் பிலிமின் மேலேயே திரையாக உட்காரும். அடிப்பகுதியில் ஒரு நிறமும் உச்சியில் இன்னொரு நிறமுமாகப் பொருள் வெளிவரும். வார்ப்பு ரெசினில் அழகாக வரும் மைக்காவை அச்சுத் தொட்டியில் போடுவது இரண்டு தொழில்களையும் குழப்பிக்கொள்வதுதான்.

நிறமி என்றாலே ஒளிபுகாதது என்பதும் சரியல்ல. துகள் போதிய அளவு நுண்ணியதாக, ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு சிறியதாக அரைபட்டு, திரவத்தில் சீராகப் பரவியிருந்தால் நிறமியும் தெளிவாகவே நிற்கும். மரத்துக்கும் காருக்கும் பயன்படும் ஒளிபுகும் இரும்பு ஆக்சைடுகள் அதற்குச் சான்று. புறஊதா ரெசினுக்கென்றே அரைத்துப் பரப்பிய நிறமிக் கூழ் கிடைத்தால், அது மையின் தெளிவையும் நிறமியின் ஆயுளையும் ஓரளவு ஒன்றுசேர்க்கும். உலர்ந்த பொடியை வாங்கிக் குச்சியால் கலக்கினால் அந்த நுண்மை ஒருபோதும் வராது. பொடியை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல.

ஆல்கஹால் மையின்மேல் சொல்லப்படும் இன்னொரு குற்றச்சாட்டையும் நிறுக்க வேண்டும்: அதிலுள்ள ஆல்கஹால் ரெசினைப் பலவீனமாக்கும் என்பது. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. நூறு மில்லிக்குப் பத்துச் சொட்டு என்றால் 0.5 சதவீதம். இந்த அளவில் பலவீனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மெல்லிய பொருளுக்கு ஆழ்ந்த நிறம் வேண்டி 5 சதவீதம் வரை ஏற்றும்போதுதான் குற்றச்சாட்டு உயிர்பெறுகிறது. ஆல்கஹால் ரெசின் வலையில் சேராமல் இடையில் தங்கி, பின்பு மெல்ல வெளியேறி, பொருளை மென்மையாக்கும், சுருக்கும், சில நேரம் விரிசலும் விடும். குற்றம் மையின்மேல் இல்லை, அளவின்மேல்தான். தண்ணீரில் கரைத்த மையும் உணவு நிறமும் ரெசினோடு சேரவே சேராது என்பதால் அவை இந்த வழக்குக்குள் வரவேண்டியதில்லை.

பாலியஸ்டர் துணிக்கான சாயத்தை வெந்நீரில் கரைத்து, அதில் பிரிண்ட்டை ஊறவைப்பது மற்றொரு முறை. மூக்குக்கண்ணாடி லென்சுகளுக்கு இப்படித்தான் நிறமேற்றுகிறார்கள் என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த லென்ஸ் 90 டிகிரி சூட்டைத் தாங்கும். சாதாரணத் தெளிந்த ரெசின் 60, 70 டிகிரியை ஒட்டியே வளையத் தொடங்கிவிடும். வெப்பம் தாங்கும் சிறப்பு ரெசின் இல்லாமல் இந்த முறை தகடுகளைக் கோணலாக்கித்தான் திருப்பித் தரும்.

மைக்கு முழு நியாயம் கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. தெளிந்த ரெசின் அதிகமாக இறுகினால் மஞ்சளிக்கும். மிக மிகச் சிறிதளவு நீலமோ ஊதாவோ தொட்டியில் கலந்தால் அந்த மஞ்சள் கண்ணுக்கு அடங்கிவிடும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதே தத்துவம்தான். இங்கே தேவைப்படும் அளவு அச்சைப் பாதிக்காத அளவு. ஆனால் வயதாக ஆக ரெசின் மேலும் மஞ்சளித்து, நீலத்தோடு சேர்ந்து பச்சைச் சாயலைக் காட்டக்கூடும். நீலப் பொருள்கள் எல்லாவற்றுக்கும், எங்கே நிறம் ஏற்றினாலும், இந்தக் கண்டம் உண்டு. சிவப்பும் அம்பரும் அதை மறைத்துக்கொள்ளும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. மேற்பூச்சு சுரண்டினால் போய்விடாதா? போகும். அதிகம் கைபடும் பொருளில் இது உண்மையான குறை. பூச்சிலிருப்பதும் மங்கும் சாயமாக இருந்தால் வெயில் அதையும் விடாது. நிறத்தின் ஆயுளை முடிவுசெய்வது அது இருக்கும் இடமல்ல, அதன் வகை. இருந்தாலும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. மங்கிய பூச்சைத் துடைத்தெடுத்து மறுபடி பூசலாம். மங்கிய உட்கலப்பை ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பொருளில் மூன்று நிறம் வேண்டுமென்றால் பூச்சைத் தவிர வழியே இல்லை. கலந்து மிஞ்சிய ரெசின் அந்த ஒரு நிறத்துக்கே கட்டுப்பட்டு அலமாரியில் கிடக்கும். நிறமற்ற பாட்டில் எல்லா வேலைக்கும் உதவும். இறுகாத அக்ரிலேட் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. அதைக் கூடுதலாக அளந்து, கலக்கி, வடிகட்டும் வேலையும் பூச்சில் இல்லை.

தீர்ப்பு இது. பொது வழியாக இருக்கத் தகுதியுள்ளது மேற்பரப்பு நிறமே: நிறமற்ற அச்சு, முழு இறுக்கம், ஏர்பிரஷ்ஷில் தெளிந்த அக்ரிலிக் அடுக்குகள், மேலே புறஊதாவைத் தடுக்கும் வார்னிஷ். தொட்டியில் கலப்பது மூன்று நிபந்தனைகள் ஒன்றுகூடினால் மட்டும் வெல்லும்: பொருள் சில மில்லிமீட்டருக்கு மேல் தடித்ததாக இருக்க வேண்டும், ஒற்றை நிறமாக இருக்க வேண்டும், அதே நிறத்தில் பல பிரதிகள் வேண்டும். அப்போதும் கலக்க வேண்டியது ரெசினுக்கென்று அரைத்த ஒளிபுகும் நிறமிக் கூழ்தான். சொட்டு மருந்துபோல் எல்லாவற்றுக்கும் பரிந்துரைக்கப்படும் ஆல்கஹால் மைக்கு, மஞ்சளை அடக்கும் வேலையையும், வெயில் காணாத சில வாரக் காட்சிப் பொருளையும் தாண்டி இடமில்லை. மைக்காவையும் வெந்நீர்ச் சாயத்தையும் சாதாரணத் தெளிந்த ரெசினில் முயல வேண்டாம்.