குழந்தைகள் ஏறும் டிராகன்

பொதுத்தொண்டர் ஒருவர் மறைந்தால் உருவச்சிலை எடுப்பதே பெருவழக்கு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டானி சின் என்னும் தொண்டரின் பெயரைத் தாங்கும் சிறுவர் பூங்காவிலோ வெண்கல டிராகன் ஒன்று படுத்திருக்கிறது. தொண்டரையும் டிராகனையும் இணைத்துக் காண்பது தகுமா என்பதே நாம் ஈண்டு ஆராய விழைவது.

1968-ஆம் ஆண்டில், பள்ளிப் பருவத்திலேயே, தாம் வாழ்ந்த 'இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிக்ட்' பகுதியில் அவசர உதவி மையம் ஒன்று தோன்றக் காரணராய் இருந்தவர் சின். நள்ளிரவில் எவரேனும் மயங்கி வீழ்ந்தால், மாநகர ஊர்தி வருமுன் அவர் வந்து நிற்பது பலகாலும் நிகழ்ந்தது. 2015 ஜூலை 23 அன்று, பொழுது புலருமுன், துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார், அகவை 59. பூங்கா அவர் பெயரைப் பெற்றது அதன் பின்னரே.

டிராகன் அவருக்கென வடிக்கப்பட்டதன்று. சிறுவர் ஏறி விளையாடவென 1981-இல் ஜெரார்டு சுட்டகாவா அமைத்தது அது. எனினும், சிற்பியின் நோக்கத்தோடு சிற்பத்தின் பொருள் முடிந்துவிடுவதில்லை.

மேலைநாட்டுக் கதைகளில் வீரர் வெட்டி வீழ்த்தும் தீயுமிழ் விலங்கு வேறு. சீன டிராகன் வேறு. (நம் கோயில் தூண்களின் யாளியோடும் அதனை ஒன்றாக்க வேண்டா.) மான்கொம்பும் மீன்செதிலும் கழுகுநகமும் பூண்ட அது நீருக்குரியது, வறட்சிக்காலத்தில் உழவர் மழைவேண்டி அழைப்பது. அதுவே அரண்மனையிலும் புகுந்தது. ஐந்து நகமுடைய வடிவத்தைப் பேரரசர்க்கே உரிமையாக்கி விதிகள் பிறந்தன. ஓருருவில் அரியணையும் உண்டு, வயலும் உண்டு. தொண்டரை அரியணையின் டிராகனாகக் காட்டின் அது வெறும் முகமன். குழந்தைகளுக்கு முதுகு கொடுத்துக் கிடக்கும் இந்த டிராகனோ வயலின் பக்கத்தது, அழைத்தால் வருவது.

இன்னொரு தடை வலியது. அமெரிக்கச் சீனக் குடியிருப்புகளில் டிராகன் சுற்றுலாப் பயணியர்க்கான அலங்காரமாக மலிந்துவிட்டது. அன்றியும், சின் தொண்டாற்றிய பகுதி சீனர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர், பிலிப்பினோ மக்கள், பின்னர் வியட்நாமியர் எனப் பலரும் கலந்து வாழ்ந்த இடம். 1942-இல் ஜப்பானிய வழியினர் அங்கிருந்து முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். சீனரோ, தம்மையும் பகைவராகக் கருதிவிடுவரோ என அஞ்சி, 'யாம் சீனர்' என்று எழுதிய வில்லைகளைச் சட்டையில் அணிந்த காலம் அது. அத்தகைய பகுதியில், சீன வழித்தொண்டரின் பெயர் ஜப்பானிய வழிச்சிற்பியின் டிராகனோடு சேர்ந்தது தற்செயலே. எனினும் பொருள் பொதிந்த தற்செயல். ஜப்பானியர்க்கும் வியட்நாமியர்க்கும் டிராகன் தத்தம் மரபினதே அன்றோ! இங்கு அது ஓரினத்தின் முத்திரையாகாமல் தப்பியது என்றே கருதுகிறோம்.

குறையும் சொல்லவேண்டும். வரலாறு அறியாது வருவோர்க்கு இது விளையாட்டுப் பொருளே; சிலையாயின் முகமேனும் தெரியும். இந்த முதுகில் வழுக்கி இறங்கும் சிறுமிக்கு நள்ளிரவில் ஓடிவந்த அந்த மனிதரைப் பற்றி அவள் பாட்டிதான் சொல்லவேண்டும்.