யாருடைய கேள்வி? மனநல ஆய்வும் 'பயனாளி' என்னும் சொல்லும்

ஆய்வாளர், மருத்துவர், பயனாளி மூவரும் சேர்ந்து நடத்துவதே மனநல ஆய்வு என்று இப்போது பேசப்படுகிறது. நல்லது. ஆனால் தமிழில் 'பயனாளி' என்றால் யார்? அரசிடம் ஆடு வாங்குகிறவர், தொகுப்பு வீடு வாங்குகிறவர். கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவரே தவிர, கேள்வி கேட்கிறவர் அல்ல. கூட்டு முயற்சி எனும் சொல்லாடலுக்குள் இருக்கும் படிநிலை இந்த ஒரு சொல்லிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நான் மருத்துவம் படித்தவனில்லை, தமிழ் எம்.ஏ. பிரதிகளை வாசிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. எனவே இங்கே இரண்டு பிரதிகளை வாசிக்கிறேன்: கேள்வித்தாள், கேஸ் ஷீட்.

மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் புழங்கும் 'பி.எச்.கியூ-9' தாளை எடுத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் பைசர் மருந்துக் கம்பெனியின் நிதியுதவியோடு அமெரிக்காவில் உருவானது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. காரியங்களில் ஆர்வமும் இன்பமும் குறைந்துவிட்டதா என்பது முதல் கேள்வி. மேகமலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டால்? எந்தக் காரியத்தில்? கொழுந்து எடுப்பதிலா, லைன் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதிலா? மணலாற்றிலும் இரவங்கலாற்றிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் 'மனச்சோர்வு' கிடையாது. 'நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு', 'கை காலெல்லாம் ஓயுது', 'யாரு பேசுனாலும் எரிச்சலா வருது' என்பார்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியதை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார். மூலத்தோடு பொருந்தினால் சரி. அத்தோடு நிறுத்தினால் சோதிக்கப்பட்டது ஆங்கிலம்தான். அந்த மனுசிக்குத் தமிழ் புரிந்ததா என்பதை அவளிடம்தானே கேட்க வேண்டும்?

கேஸ் ஷீட்டில் 'இன்சைட்' என்றொரு கட்டம் உண்டு. தன் நோயைத் தான் அறிந்திருத்தல். அதற்கு ஆறு படிகள். நோயே இல்லை என்று முற்றாக மறுப்பவர் முதல் படியில்; நோயை உணர்ந்து ஏற்று அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்பவர் ஆறாம் படியில். மறுப்பும் நோயின் பகுதியாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லும் விளக்கத்தோடு யோசித்தே உடன்படாதவரை எங்கே எழுதுவது? நோயின் மறுப்பும் மனிதரின் மாற்றுக்கருத்தும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன. உடன்படாமை அறிகுறியாக வாசிக்கப்படும் இடத்தில் கூட்டு ஆய்வு எப்படி நடக்கும்?

கேட்பவர் மாறினால் பதிலும் மாறும் என்பதற்குச் சான்று லண்டனில் கிடைத்தது. டயானா ரோஸ் ஆய்வாளர். மின் அதிர்ச்சி சிகிச்சையைத் தானே பெற்றவர். 2003இல் அவரும் சகாக்களும் அந்தச் சிகிச்சை பற்றி நோயாளிகள் சொன்னவற்றைத் திரட்டினார்கள். மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகள் 26. நோயாளிகள் தாமாகவோ உடன்சேர்ந்தோ செய்தவை 9. முதல் வகையில் திருப்தி அதிகம், இரண்டாவதில் குறைவு. காரணம் ரகசியமில்லை. சிகிச்சை முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியிலேயே, மருத்துவரே சில கேள்விகள் கேட்டால் 'பரவாயில்லைங்க' என்றுதான் பதில் வரும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் நீடித்த நினைவிழப்பைச் சொல்லியிருந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. இந்தியாவிலும் முன்னோடி இல்லாமலில்லை. சிறுவயதில் மனநல நிறுவனங்களின் கொடுமையை அறிந்த பார்கவி தாவர், புனேயில் 1999இல் பாபு டிரஸ்டைத் தொடங்கி, 2024இல் இறக்கும்வரை அந்த அனுபவத்தையே ஆய்வின் தளமாக வைத்திருந்தார்.

நம் பக்கம் வருவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. விடுதிகள் மூடப்பட்டன. அதையொட்டி நடந்த வாதங்களைப் பின்னாளில் தேடி வாசித்தவன் நான். தர்கா வைத்தியம் மூடநம்பிக்கை என்றது ஒரு தரப்பு. நவீன மருத்துவமே ஒரு சிறை, தர்கா ஒரு மாற்று வெளி என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் தத்துவம் இருந்தது. பிழைத்தவர்களின் ஒரு வாக்கியத்தைக்கூட நான் வாசித்த பக்கங்களில் பார்க்க முடியவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது (பிரிவு 95). ஆய்வுக்கு உட்படுபவரின் சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்கிறது (பிரிவு 99). மாநில மனநல ஆணையத்தில் மனநோய் அனுபவம் உள்ளவர்களுக்கு இடமும் தருகிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சம்மதம் கேட்பது வேறு, கேள்வியைச் சேர்ந்து உண்டாக்குவது வேறு. சம்மதிக்கிறவருக்குக் கேள்வித்தாள் அச்சாகி வந்த பிறகுதான் வேலை.

1961இல் பித்தின் வரலாற்றை எழுதிய பூக்கோவைப் படித்த நாம், பித்தைக் கலகமாகக் கொண்டாடும் கவிதைகளை நிறைய எழுதிவிட்டோம். அந்தக் கவிதையிலும் பித்தர் பேசவில்லை, நாம்தான் பேசுகிறோம். மாத்திரை சாப்பிட்டு வாய் உலர்ந்து, மாதாமாதம் மலையிறங்கிப் பஸ் மாறி க.விலக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுக்கு நிற்பவருக்கு நம் கலகத்தால் ஆவது என்ன?

ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. கேள்விகளை வகுக்கும் முதல் நாளிலேயே இவர்கள் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு, தோட்டத்தில் போகும் நாள்கூலிக்குக் குறையாமல் சம்பளம் வேண்டும். முடிவுகளைத் தமிழில் வாசித்து 'இது நாங்க சொன்னது இல்ல' என்று சொல்லவும், அது அறிக்கையிலேயே அச்சாகவும் உரிமை வேண்டும். எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கேள்வித்தாளின் தமிழை, மருந்து சாப்பிடுகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்துவது. நம் பெயர் அதில் வராது. வராவிட்டால் என்ன?