‘பக்திவிருத்தி’யும் சபை கூடிவருதலும்

திருச்சபை எதற்காகக் கூடிவருகிறது என்று நம் சபையாரிடம் வினவினால், பெரும்பாலோர் ஒரே விடையைத் தருவர். ஆராதனையில் ஆசீர்வாதம் பெற வேண்டும். அருளுரை கேட்டு ஆவிக்குரிய வாழ்வில் வளர வேண்டும் என்பதே அவ்விடை. இதனை முற்றிலும் தவறென்று தள்ள நாம் துணியோம். ஆனால் இதற்கு ஆதாரமாக 1 கொரிந்தியர் பதினான்காம் அதிகாரத்தைக் காட்டும் வழக்கம் ஆராய்தற்குரியது. இவ்வழக்கம் வேரூன்றியதற்கு நம் திருமறையிலுள்ள ஒரு சொல்லும் காரணம் என்பது நமது கருத்து.

ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த திருமறையே நம் சபைகளில் இன்றும் பெரிதும் வாசிக்கப்படுகிறது. சபை கூடிவரும்போது நிகழ்வன யாவும் ‘பக்திவிருத்தி’க்கு ஏதுவாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது (14:26). இங்குக் கிரேக்க மூலத்திலுள்ள சொல் ‘ஒய்கொடொமே’. ‘ஒய்கொஸ்’ என்பது வீடு. ஆகவே இது வீடு கட்டுதலைக் குறிக்கும் சொல். அது கொத்தனாரின் சொல்லேயன்றித் தியானியின் சொல்லன்று. பக்தி என்பதற்கு நேரான எதுவும் மூலத்தில் இல்லை.

இதே சொல் அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே கொரிந்தியர் தேவனுடைய ‘மாளிகை’ எனப்படுகின்றனர் (3:9). அஸ்திபாரம், அதன்மேல் கட்டும் பொன், மரம், வைக்கோல் என்று உவமை விரிகிறது. பவுல் அடிகள் மூன்றாம் அதிகாரத்தில் எழுப்பத் தொடங்கிய கட்டடத்தையே பதினான்கில் தொடர்கிறார். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இத்தொடர்பு புலப்படாது. மாளிகை எங்கே, பக்திவிருத்தி எங்கே! மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லின் நேர்ப்பொருளை அறியாதவரல்லர். இரண்டாம் நிருபத்தில் இடித்தலுக்கு எதிராக இச்சொல் வரும்போது ‘ஊன்றக்கட்ட’ என்று அழகுறப் பெயர்த்துள்ளனர் (2 கொரி. 13:10). சபையைக் கட்டுதல் என்றால் கற்கோவில் எழுப்புதலாகக் கொள்ளப்படும் என அஞ்சினர் போலும் என்று சிலர் கூறக்கூடும். அப்படியாயின் மத்தேயு 16:18இல் ‘கட்டுவேன்’ என்று பெயர்த்தது எவ்வாறு?

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த அருட்பணியாளரின் பக்தி இயக்க மரபே இதற்குக் காரணம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும் அவ்வியக்கத்தின் தந்தையாகிய ஸ்பேனர், 1675இல் தாம் வெளியிட்ட நூலில் இதே பதினான்காம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, ஒருவர் மட்டுமே பேசாமல் பலரும் பேசிக் கலந்தாயும் கூட்டங்கள் சபையில் மீண்டும் தோன்ற வேண்டும் என்றே வேண்டினார். பக்தி இயக்கத்தை ஒரு மூச்சில் குறைகூறுவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பக்தி ஒருவர் உள்ளத்தில் குடியிருப்பது. அடுத்தவரை ஏறிட்டுப் பாராமலே அது விருத்தியடையக் கூடும். ஒற்றைக் கல்லோ சுவராகாது. பதினோராம் அதிகாரத்தில் ஐந்து முறையும் பதினான்கில் இரண்டு முறையும் ‘கூடிவருதல்’ என்னும் ஒரே வினையைப் பவுல் அடிகள் ஆளுகிறார். முதலில் அவர் சொல்வது, நீங்கள் கூடிவருவதால் நன்மையைவிடத் தீமையே விளைகிறது என்பதாகும் (11:17). கொரிந்தியரிடம் பக்தி குறைவுபட்டதாக அவர் கூறவில்லை. வரங்களில் அவர்கள் ஒன்றிலும் குறைவற்றவர்கள். ஆனால் பந்தியில் ஒருவன் வெறித்திருக்க, இல்லாதவன் பசியோடு வெட்கப்பட்டு நின்றான்.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. வழிபாட்டிலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் மடல் எழுதினார். அதன் விளைவாக வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். விலகியோர் ஜெபியாதவரோ பாடாதவரோ அல்லர். ‘பக்திவிருத்தி’ என்னும் அளவுகோலால் அளந்தால் அவர்கள் சபைகூடுதலில் ஒரு குறையும் காண இயலாது. ‘கட்டுதல்’ என்னும் அளவுகோலால் அளந்தால், தனியிடமும் தனி வரிசையும் இருந்தவரையில் அங்கே ஒரு சபை கட்டப்படவேயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்று நம் ஆலயங்களில் எந்த அளவுகோல் வழங்குகிறது என்பதை ஆயர்கள் நம்மினும் நன்கு அறிவர். தனிக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி இங்கு எழுதப் புகின் கட்டுரை நீளும்.

சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்க எபிரெயர் 10:25ஐக் காட்டி வருகைப் பதிவை உயர்த்த முயல்வோர், அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசிப்பாராக. அங்குக் கூறப்படும் நோக்கம் ஒருவரையொருவர் அன்பிற்கும் நற்கிரியைக்கும் ஏவிவிடுதலாகும்.

இனி, பதினான்காம் அதிகாரம் தரும் சோதனைகள் இரண்டு, இறையியல் மாணவர் சிறப்பாகக் கருதத்தக்கவை. கல்லாதவன் ‘ஆமென்’ சொல்லக் கூடுமா என்பது முதலாவது (14:16). ஆவிக்குரிய உணர்ச்சி எவ்வளவு பொங்கினும், ஓரத்தில் நிற்கும் அம்மனிதன் புரிந்துகொண்டு தன் ‘ஆமென்’னைச் சேர்க்க இயலாதெனில், அங்கே நன்றாய் ஸ்தோத்திரம் பண்ணியும் பயனில்லை என்கிறார் அடிகள். அந்நிய பாஷைக்கு எதிராக மட்டும் இதனைக் காட்டும் நாம், நம் அருளுரைகளில் மலிந்துள்ள கல்லூரித் தமிழுக்கு எதிராகவும் காட்ட வேண்டும்.

இரண்டாவது சோதனை இன்னும் கடினமானது. உட்கார்ந்திருக்கும் வேறொருவனுக்கு ஏதேனும் வெளிப்படுத்தப்பட்டால், பேசிக்கொண்டிருப்பவன் பேச்சை நிறுத்த வேண்டும் (14:30). மூன்று நாள் கன்வென்ஷன் மேடையிலோ, ஞாயிறு காலைப் பிரசங்க பீடத்திலோ இது நிகழக்கூடும் என்று யாரேனும் எதிர்பார்க்கிறோமா? பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஆயிரவர் என்னும் அமைப்பில் நிறுத்துவாரும் இல்லை, நிறுத்தப்படுவாரும் இல்லை. ஒலிபெருக்கியும் ஒருவர் கையில்தான் இருக்கிறது.