கணையத்தின் பண்டமாற்று

இரைப்பையின் அமிலத்தில் ஊறிய சோறு முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அந்தப் புளிப்பைத் தணிக்கும் காரநீர் கணையத்திலிருந்து வருகிறது. அதைச் சுரப்பவை கணைய நாளங்களின் உட்புறத்தை ஒற்றை வரிசையாகப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்கள். அவற்றின் வேலைநேர்த்தி ரசிக்க வேண்டிய ஒன்று.

அமிலம் பட்டதும் குடற்சுவர் செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 1902இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் லண்டனில் கண்டறிந்தது இது. செய்தி வந்ததும் நாளச் செல்லின் சவ்வில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்னும் வாயில் திறக்கிறது; குளோரைடு வெளியேறுகிறது. அருகிலுள்ள இன்னொரு புரதம் அந்தக் குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டை வெளியே தருகிறது. கைக்குக் கை பண்டமாற்று! சோடியமும் நீரும் பின்னாலேயே போகின்றன.

நேர்த்தி இதோடு முடியவில்லை. செல்லுக்குள் குளோரைடு குறைந்தால், அதை உணரும் ஒரு நொதி அதே வாயிலைப் பைகார்பனேட்டுக்கும் தாராளமாக வழிவிடச் செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல் இருக்கும் பைகார்பனேட், கணைய நீரில் 140ஐ நெருங்குகிறது.

வாயில் பழுதானால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். கணைய நீர் கெட்டிப்பட்டு நாளங்களை அடைக்கிறது. காலப்போக்கில் கணையமே சிதைகிறது. இதற்கான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. சில வகைப் பழுதுகளில் வாயிலைத் திறக்க உதவும் ஐவகாஃப்டர் மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

இந்த வாயில் ஒழுங்காகத் திறந்து மூடினால்தான் உண்ட சோறு உடம்பில் ஒட்டும்.