ஜென்டூவில் பிளாஸ்மா 6: சுதந்திரமா, வேகமா?

கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப் 2024 பிப்ரவரி 28-இல் வெளிவந்தது. அதை ஜென்டூ லினக்ஸில் நிறுவ நினைக்கிறீர்களா?

நிறையை முதலில் சொல்வோம். மூலநிரல் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகிறது. எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதை 'யூஸ்' குறிகளால் நீங்களே முடிவு செய்யலாம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

குறை, நேரம். பெரிய தொகுப்புகளுக்குப் பல மணி நேரம்கூட ஆகும். 2023 டிசம்பர் முதல் ஜென்டூ ஆயத்தத் தொகுப்புகளையும் பரவலாகத் தருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், குறியை மாற்றினால் ஆயத்தத் தொகுப்பு பொருந்தாமல் போகலாம். மறுபடி கம்பைல் செய்யணும்.

ஆகவே, கணினி எப்படி இயங்குகிறது என்று கற்க ஜென்டூ நல்ல ஆசான். நாளைக்கே பாடமோ தேர்வோ இருந்தால், மாணவர்களே, இன்று கை வைக்காதீங்க!