துண்டும் டிஷ்யூவும்

ஆரணி பேருந்து நிலையத்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய முள்ளிப்பட்டுக்காரருக்குச் சிங்கப்பூர் அந்நியமாகத் தெரியாது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டிய தேக்கா உணவங்காடியில், மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று பொருள். அங்கே அதற்குப் பெயர் ‘சோப்’. காவலுக்கு யாரும் நிற்பதில்லை. வரிசையில் போய்ச் சோறு வாங்கி வரும்வரை இடம் காத்திருக்கும். அந்த நம்பிக்கை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிரியாணி, நாசி லெமாக், கோழிச்சோறு எல்லாம் பக்கத்துப் பக்கத்து மேசையில். குளிர்சாதன உணவகத்தில் ஒருவேளைக்கு ஆகும் காசில் இங்கே மூன்று வேளையும் முடிந்துவிடும். 2020-இல் இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது, தகும். போனால், சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வையுங்கள். 2021 முதல் அது அங்கே கட்டாயம்.