மாதோட்டமும் இலக்க அடையாளமும்: ஒரு மூலபாட நோக்கு

கோப்பொன்றைப் பெயரால் அன்றி உள்ளீட்டால் இனங்காண்பது கணினித்துறையில் நிலைபெற்றுவிட்ட முறையாகும். திறந்த மூல மென்பொருள் நூலகக் கோப்பு எப்பெயரில் எவ்வணிகப் பண்டத்துள் மறைந்திருப்பினும், அதன் ஹாஷ் எனப்படும் சுருக்க எண்ணைக் கணித்து, முன்னறிந்த எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் அது எவ்வாக்கம், எப்பதிப்பு என்பது துலங்கும். எஸ்.எச்.ஏ.-256 முறை எத்துணைப் பெரிய கோப்புக்கும் 64 பதினறும இலக்கங்களில் அடங்கும் எண்ணையே தருகின்றது. பெயர் மறைக்கப்பட்ட உழைப்பை வெளிக்கொணர்வதால் இம்முறைக்குச் சமூகப் பெறுமதியும் உண்டு.

ஆயினும் இது விடையளிக்கும் வினா, ‘இவை ஒரே பிரதியா?’ என்பதேயாம், ‘ஒரே ஆக்கமா?’ என்பதன்று. மன்னார்ப் பெருநிலத்தின் பழம்பெயராகிய ‘மாதோட்டம்’ என்பதையே நோக்குவோம். இதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் அமைக்கலாம். ஏகாரக் குறி, ஆகாரக் கால் என இரண்டாகவும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹாஷ் எண்களோ முற்றிலும் வேறு. இவ்வாறே, ஒரே மூலநிரலை இரு வேறு கம்பைலர்கள் வழியே ஆக்கினால் பொதுவாக ஒவ்வாத எண்களே கிடைக்கின்றன. மாறியது ஓரெழுத்தா, நூல் முழுவதுமா என்பதை எண் உணர்த்துவதில்லை.

இவ்வரம்பு மன்னார்க் கூத்தேடுகளைப் பொறுத்தவரை பாரதூரமானது. அவை அண்ணாவிமாராலும் ஊரவராலும் பெயர்த்தெழுதப்பட்டு, திரிந்தும் வளர்ந்தும் வந்தவை. 1960களில் மன்னார் நாடகங்களை அச்சேற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணி, அம்மரபைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தது. இன்று அத்தகைய ஏடுகளை இலக்கமயமாக்குவோர் ஹாஷ் எண்ணை மட்டும் நம்பின், ஒரே கூத்தின் இரு பாடங்கள் உறவற்ற இரு நூல்களாகத் தோன்றும். பட்டியலில் இல்லாத பாடம் அறியப்படாததாகவே ஒதுக்கப்படும்.

எனவே, குறியீட்டு வேறுபாடுகளை முதலில் சீராக்கிக் கணித்த எண், மூலக்கோப்பின் எண், கணித்த முறை ஆகிய மூன்றையும் பதிதல் வேண்டும். 2017இல் எஸ்.எச்.ஏ.-1 முறையில் ஒரே எண்ணைத் தரும் இரு வேறு கோப்புகள் ஆக்கிக் காட்டப்பட்டமை, முறையைக் குறித்துவைத்தலின் தேவையை உணர்த்தும். அதன் பின்னரும் பாடங்களை வரிக்கு வரி ஒப்புநோக்கும் பணி எஞ்சியே நிற்கும். பிரதி சிதையாமல் இருப்பதற்கு எண் சான்றாகலாம். அதனை ஆக்கிய மக்களின் உரிமைக்கு மூலபாட ஆய்வே சான்றாதல் கூடும்.